பொது என்றொரு கோப்புறை

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
கீழே கட்டி உடைக்கும் மெஷின் ஓடும்போதெல்லாம்
என் மேசைத் தேநீர் வட்டம் வட்டமாய் நடுங்கும்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் இருக்கிறேன்.
அங்கே ஓர் ‘இல்லையென்றால்’,
அதற்குள் இன்னோர் ‘இல்லையென்றால்’,
அதற்குள் நான்.

ஒரே சங்கிலிக்கென்று எழுதத் தொடங்கிய நூலகம்.
இரண்டாவது வந்தபோது
கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுங்க என்றார் காசிலிங்கம்.
மூன்றாவது வந்தது. நான்காவதும்.
ஐந்தாவது யாரையும் கேட்காமல் வந்து அமர்ந்துகொண்டது.
எல்லாம் பிளாக்செயின்தானே என்பார்,
எல்லாம் மீன்தானே என்பதுபோல.
சாளைக்கு முடைந்த கண்ணியில் நண்டு ஏறினால்
வலை என்ன பாடுபடும் என்று
ஜெட்டியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
அவசரக்காரச் சங்கிலி ஒன்றுக்கு
பன்னிரண்டு கட்டிவரை காத்திருக்க வேண்டாம், ஒன்று போதும் என்று
ஒரே ஓர் எண்ணை மாற்றினேன்.
இன்னொரு சங்கிலியும் அதே எண்ணைப் பிடித்துத்தான்
நின்றுகொண்டிருந்தது. மறந்துபோனேன்.
எங்கோ ஒருவர்
பணம் வந்துவிட்டதென்று நம்பிச் சரக்கை ஏற்றிவிட்டார்.
அவருடைய பணம் இருந்த கட்டி
கரைந்துபோனது.

பாம்பனிலிருந்து ஃபெல்சி அழைத்தாள்.
பின்னால் பாலத்தில் ரயில் ஏறும் சத்தம்.
“பிரிச்சிருவோமாக்கா?
எங்க போட்டுக்கு வடகடல் டோக்கன்.
அதைக் காட்டிட்டுத் தென்கடல்ல இறங்குனா ஃபைன்.
ரெண்டு கடலும் பாலத்துக்கு அடியில
ஒண்ணாத்தான் கெடக்கு. ஆனாலும்...”
ஆனாலும் என்பதோடு நிறுத்திவிட்டாள்.
ரயில் போய்க்கொண்டே இருந்தது.

பிரித்தோம்.
ஆளுக்கொரு பொதி, ஆளுக்கொரு பதிப்பு எண்.
ஒத்திகைக் காசு மெய்க்காசோடு
ஒரே அறையில் படுக்கக் கூடாது.
இங்கே முகவரி என்பது
அங்கே வெறும் எழுத்துக் குப்பை.
புள்ளிக்குப் பிறகு ஒருவருக்குப் பதினெட்டு இலக்கம்,
ஒருவருக்கு எட்டோடு திருப்தி.

நடுவில் ‘பொது’ என்றொரு கோப்புறை வைத்தேன்.
முதல் நாள் அதில் நாற்பத்தேழு கோப்புகள்.
ஒவ்வொன்றாய் எழுந்து வந்து
எனக்கு இது இப்படி இல்லை என்றன.
கட்டணம் போனது. வரிசை எண் போனது
(ஒரு சங்கிலிக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியவில்லை).
‘முடிந்தது’ என்ற சொல்லை மட்டும்
கடைசிவரை விடாமல் பிடித்திருந்தேன்.
அதுவும்,
ஓரிடத்தில் முடிந்தது என்றால் முடிந்தது.
ஓரிடத்தில், அநேகமாக.

காசிலிங்கம் திரையை எட்டிப் பார்த்தார்.
“ஒரே விஷயத்தை அஞ்சு தடவை எழுதியிருக்கீங்களேம்மா?”
ஆமாம் சார், பார்க்கத்தான் ஒரே மாதிரி,
உள்ளே ஒவ்வொன்றும் வேறு என்றேன்.
கீழே மெஷின் ஓடத் தொடங்கியதில்
அவருக்கு ‘ஆமாம்’ மட்டும் கேட்டது.

பழைய கோப்பை அழிக்கப் போனபோது
ஓரத்தில் என் குறிப்பு:
‘தற்காலிகம். நாளை சரிசெய்ய வேண்டும்.’
தங்கையின் நிச்சயதார்த்த நாள்.
பந்தியில் கூப்பிடக் கூப்பிட
மடிக்கணினியோடு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதியது.
அவள் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.
அழித்தேன்.

அந்த வாரம் பாம்பனில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கரண்ட் போனது, மெஷின் நின்றது.
முதன்முறையாகத் தேநீர் அசையாமல் இருந்தது.
இன்வெர்ட்டர் தாங்கும்வரை தாங்கட்டும் என்று
சோதனைகளை ஓட்டவிட்டேன்.

நான்கு பச்சை. ஒன்று சிவப்பு.

முன்பெல்லாம் ஐந்தும் ஒருசேரச் சிவக்கும்;
எது முதலில் சிவந்ததென்று தேடித் தேடி
விடிந்துவிடும்.

ஒன்றுதான் என்று ஃபெல்சிக்கு அனுப்பினேன்.
எது என்று கேட்டாள்.
பெயரைச் சொன்னேன்.